விமானம் ஓட்ட எவ்வளவு கணக்கு தெரிய வேண்டும்?

விமானி ஆக ஆசைப்படும் மாணவர்களுக்குக் கணக்கு விஷயத்தில் இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. "கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்களுக்குத்தான் அந்த வேலை சரிப்படும்" என்பது ஒன்று. "இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, பைலட்டுக்குக் கணக்கு எதற்கு?" என்பது இன்னொன்று. முதல் அறிவுரையை நம்பித் தகுதியுள்ளவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பி வருகிறவர்கள், வகுப்பறைப் பாடங்கள் தொடங்கிய சில வாரங்களிலேயே திணறுகிறார்கள்.

விமானிக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி பத்தாம் வகுப்புப் பாடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அதைப் பேனாவும் தாளும் இல்லாமல், சில விநாடிகளில், கையும் காதும் வேறு வேலையில் இருக்கும்போது போட வேண்டும். விடை தசம புள்ளிவரை துல்லியமாக இருக்கத் தேவையில்லை. பெரிய அளவில் பிசகாமல் இருந்தால் போதும். பள்ளித் தேர்வு சோதிக்கும் திறமையும் இதுவும் ஒன்றல்ல என்பதால்தான் இத்தனை குழப்பம்.

## ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள்

"பைலட் ஆக கணக்கு வேண்டுமா?" என்று கேட்பவர்கள் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. சேர்க்கைத் தகுதி. பள்ளியில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும் என்று சில நாடுகள் விதி வைத்திருக்கின்றன. வேறு சில நாடுகளில் அப்படி எதுவும் இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, 200 மணி நேரப் பறத்தல் அனுபவம் (அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் 150) என்று குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது. பள்ளியில் எந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டது. ஆகவே இது நிர்வாக விதி சார்ந்த கேள்வி.

2. உரிமத் தேர்வு. இங்கே கணக்கு நிச்சயம் வரும். ஐரோப்பிய முறையில் விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 13 பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும். அவற்றுள் வழிகாணல், பறத்தல் திட்டமிடல், எடையும் சமநிலையும், விமானச் செயல்திறன் ஆகிய நான்கும் ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கணக்குதான்.

3. காக்பிட். உரிமம் வாங்கியபின் ஒவ்வொரு பறத்தலிலும் தேவைப்படும் கணக்கு. யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

முதல் கேள்விக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். மற்ற இரண்டைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

## எது வேண்டும், எது வேண்டாம்

நுண்கணிதம் வேண்டாம். வகையீடு, தொகையீடு, அணிகள், கலப்பெண்கள் ஆகியவை தெரியாமலேயே ஒரு விமானி முப்பது ஆண்டுகள் பறந்து ஓய்வு பெற்றுவிடலாம். விமானத்தை வடிவமைக்கும் பொறியாளருக்கும், புது விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் சோதனை விமானிக்கும் அவை வேண்டும். அது வேறு தொழில்.

வேண்டியவை இவ்வளவுதான்: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், விகிதம், சதவீதம், அலகு மாற்றம், ஒரு தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கும் எளிய சமன்பாடு, சைன், கொசைன் என்றால் என்ன என்ற அளவுக்கு முக்கோணவியல், வரைபடத்தையும் அட்டவணையையும் படித்து இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட மதிப்பை எடுப்பது, 360 டிகிரி வட்டத்தில் திசைகளைக் கூட்டிக் கழிப்பது. வெறும் பட்டியலாகப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும். வேலையில் பார்த்தால்தான் இதன் காரம் தெரியும்.

## இறங்கத் தொடங்குவது எப்போது?

ஒரு பயணிகள் ஜெட் 35,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சேரவேண்டிய விமான நிலையம் கடல் மட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எத்தனை தூரத்துக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்?

வழக்கமான இறங்கு கோணம் ஏறக்குறைய 3 டிகிரி. 3 டிகிரியின் டான்ஜன்ட் மதிப்பு 0.0524. ஒரு கடல் மைல் என்பது 6,076 அடி. இரண்டையும் பெருக்கினால், ஒரு கடல் மைல் முன்னேறும்போது சுமார் 318 அடி இறங்குகிறோம். அதாவது 1,000 அடி இறங்க 3.14 கடல் மைல் வேண்டும். விமானிகள் இந்தச் 0.14-ஐ விட்டுவிட்டு 3 என்றே வைத்துக்கொள்கிறார்கள்:

ஆயிரம் அடிகளில் உயரம் × 3 = வேண்டிய தூரம், கடல் மைலில்.

35 × 3 = 105. நிலையத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு இன்னொரு 10 கடல் மைல் சேர்த்துக்கொண்டால் 115. பின்காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம்.

அடுத்தது, நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? தரைவேகத்தை, அதாவது தரையை ஒப்பிட்டு விமானம் போகும் வேகத்தை, நாட் கணக்கில் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) எடுத்து 5-ஆல் பெருக்கினால் போதும். 450 நாட் தரைவேகத்துக்கு 2,250 அடி. ஓடுபாதையை நெருங்கும்போது 140 நாட் என்றால் 700 அடி. ஐந்தால் பெருக்கவும் வேண்டாம் என்பவர்கள், பாதியாக்கிப் பின்னால் ஒரு சுழி சேர்த்துக்கொள்வார்கள்: 140-இல் பாதி 70, சுழி சேர்த்தால் 700.

இதுவரை விமானத்தின் கம்ப்யூட்டரும் அழகாகப் போட்டுத் தந்துவிடும். ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு அதிகாரி குறுக்குப் பாதை தருகிறார். பாதை சுருங்கி, நிலையத்துக்கு இன்னும் 70 கடல் மைல்தான் என்றாகிவிடுகிறது. உயரமானி 24,000 அடி காட்டுகிறது. கம்ப்யூட்டரில் புதுப் பாதையை ஏற்ற நேரம் பிடிக்கும். இந்த இடத்தில் விமானியின் மனதில் ஓடுவது: 70-இல் வேகம் குறைக்க 10 போனால் 60, மூன்றால் வகுத்தால் 20, நான் 20,000 அடியில் இருந்திருக்க வேண்டும், 4,000 அடி மேலே இருக்கிறேன். உடனே கை வேகத்தடுப்புப் பலகைகளின் நெம்புகோலுக்குப் போகும், அல்லது கூடுதல் தூரம் கேட்டு வானொலியில் பேசும். கணக்கு முழுவதும் ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், இன்னொரு கழித்தல். நான்காம் வகுப்புக் குழந்தை போட்டுவிடும். ஆனால் அதைப் போட வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றுவதும், போட்ட விடையை நம்பிச் செயல்படுவதும் பயிற்சியால் வருபவை.

## அறுபதுக்கு ஒன்று

ஒரு டிகிரி விலகிப் பறந்தால், 60 கடல் மைல் போனபின் பாதையிலிருந்து 1 கடல் மைல் தள்ளி இருப்போம். விமானிகளின் கைப்பழக்கக் கணக்குகளில் பழையதும் இன்றும் பயன்படுவதும் இதுதான். ஒரு ரேடியன் என்பது 57.3 டிகிரி, அதை வகுக்க வசதியாக 60 என்று வைத்துக்கொண்டதே இதன் அடிப்படை.

சிறிய விமானத்தில், வரைபடத்தைப் பார்த்து 90 கடல் மைல் தூரம் பறக்கிறோம். 30 கடல் மைல் போனபின் கீழே தெரியும் ஆற்றுப் பாலத்தை வைத்துப் பார்த்தால், பாதையிலிருந்து 2 கடல் மைல் வலப்பக்கம் தள்ளி வந்திருக்கிறோம். 30-க்கு 2 என்றால் 60-க்கு 4. ஆக 4 டிகிரி விலகல். இடப்பக்கம் 4 டிகிரி திரும்பினால் பழைய பாதைக்கு இணையாகப் போவோம். ஆனால் சேருமிடத்துக்குப் போக மாட்டோம். மீதி 60 கடல் மைலில் அந்த 2 கடல் மைலையும் ஈடுகட்ட இன்னொரு 2 டிகிரி வேண்டும். மொத்தம் இடப்பக்கம் 6 டிகிரி. பயிற்சி மாணவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது பகுதியைத்தான் மறக்கிறார்கள்.

பக்கக்காற்றும் இப்படித்தான். ஓடுபாதையின் திசை 270 டிகிரி, காற்று 300 டிகிரியிலிருந்து 20 நாட் வேகத்தில் வீசுகிறது. இடைக்கோணம் 30. சைன் 30 என்பது சரிபாதி. பக்கக்காற்று 10 நாட். இதற்குக் கடிகார முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு: கோணத்தை நிமிடமாக எண்ணிக்கொள்வது. 15 டிகிரி என்றால் கால் மணி, காற்றில் கால் பங்கு. 30 என்றால் அரை. 45 என்றால் முக்கால். 60-உம் அதற்கு மேலும் என்றால் முழுக் காற்றும். சைன் 45 உண்மையில் 0.71, சைன் 60 உண்மையில் 0.87. பெரிய கோணங்களில் இந்த முறை சற்றுக் கூட்டியே சொல்கிறது. அது பாதுகாப்பான பக்கம்தான். எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்பது விடையோடு சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும்.

## புறப்படும் முன் போடும் கணக்குகள்

இவற்றுக்கு நேரம் உண்டு, மேசை உண்டு, கருவி உண்டு.

1. எரிபொருள். பயணத்துக்கு வேண்டியதை மட்டும் நிரப்பிக்கொண்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். ஓடுபாதைவரை தரையில் ஓட 200 கிலோ, பயணத்துக்கு 12,000, எதிர்பாராத தேவைக்காகப் பயண எரிபொருளில் 5 சதவீதம், 600, சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக 2,000, கடைசிக் கையிருப்பாக ஜெட் விமானத்துக்கு 30 நிமிடம் வட்டமிடப் போதுமான 1,200. மொத்தம் 16,000 கிலோ. ஆனால் எரிபொருள் லாரி கிலோவில் தருவதில்லை. லிட்டரிலோ கேலனிலோ தருகிறது. ஜெட் எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ. 16,000-ஐ 0.8-ஆல் வகுத்தால் 20,000 லிட்டர். பெருக்குவதா வகுப்பதா என்ற இந்தச் சின்னச் சந்தேகம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

2. எடையும் ஈர்ப்பு மையமும். விமானம் மொத்தம் எத்தனை கிலோ என்பதோடு, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒவ்வொரு எடையையும், அது ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். கற்பனையாக ஒரு நான்கு இருக்கை விமானம்: காலி எடை 700 கிலோ, 1.00 மீட்டரில். முன்னால் இருவர் 150 கிலோ, 0.95-இல். பின்னால் ஒருவர் 70 கிலோ, 1.85-இல். எரிபொருள் 100 கிலோ, 1.20-இல். பெட்டிகள் 30 கிலோ, 2.40-இல். பெருக்குத்தொகைகள் முறையே 700, 142.5, 129.5, 120, 72. கூட்டினால் 1,164. மொத்த எடை 1,050. வகுத்தால் 1.11 மீட்டர். கையேடு காட்டும் எல்லைக்குள் இருந்தால் பறக்கலாம். எல்லையைத் தாண்டி மையம் பின்னால் போனால், விமானத்தின் மூக்கு தானாக மேலேறப் பார்க்கும். இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்குப் போய்விட்டால் மீள்வது கடினம்.

3. அடர்த்தி உயரம். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் வலு குறையும். ஓர் ஓடுபாதை 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படும் காற்றழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல். வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். இயல்பான அழுத்தமான 1013-ஐவிட 10 குறைவு. ஒவ்வொன்றுக்கும் 30 அடி என்றால் 300 சேர்த்து 2,300. இயல்பான வெப்பநிலை கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். ஆக 2,300 அடியில் சுமார் 10. நாம் அதைவிட 25 டிகிரி சூட்டில் இருக்கிறோம். டிகிரிக்கு 120 அடி என்றால் 3,000. ஓடுபாதை 2,000 அடியில் இருந்தாலும் விமானம் 5,300 அடியில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். அதிக நீளம் ஓடியே மேலெழும், மெதுவாகவே ஏறும். ஓடுபாதையின் நீளம் போதுமா என்ற கேள்வி இந்த எண்ணைக் கொண்டுதான் தொடங்குகிறது.

4. சம நேரப் புள்ளி, அதாவது திரும்பிப் போகவும் முன்னே போகவும் ஒரே நேரம் பிடிக்கும் இடம். கடலுக்கு மேல் நீண்ட தூரம் போகும்போது ஏதாவது கோளாறு வந்தால் திரும்பிப் போவதா, முன்னே போவதா? 2,400 கடல் மைல் பயணம். காற்றில் விமானத்தின் வேகம் 480 நாட். எதிர்க்காற்று 60 நாட். போகும்போது தரைவேகம் 420, திரும்பினால் 540. "நடுவழி" என்று 1,200-ஐச் சொல்லத் தோன்றும். சரியான விடை 1,350: மொத்த தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. சரிபார்க்கலாம். 1,350-ஐ 540-ஆல் வகுத்தால் 2.5 மணி, மீதி 1,050-ஐ 420-ஆல் வகுத்தாலும் 2.5 மணி. எதிர்க்காற்றில் போகும்போது பாதி தூரத்தைத் தாண்டியபின்னும் திரும்புவதே விரைவு என்பது பலருடைய உள்ளுணர்வுக்கு எதிரானது. இப்படிப்பட்ட இடங்களில்தான் கணக்கு தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது.

## வர்க்கங்களின் விளையாட்டு

பறத்தலில் பல விஷயங்கள் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகின்றன. தரையிறங்கும் வேகம் 10 சதவீதம் கூடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். சாய்ந்து திரும்பும்போது 30 டிகிரி சாய்வில் இறக்கை தாங்கும் சுமை 1.15 மடங்கு, 60 டிகிரியில் 2 மடங்கு. சாய்வு இருமடங்கானால் கூடுதல் சுமையும் இருமடங்கு ஆகவில்லை; 15 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்குத் தாவிவிட்டது. தூக்குவிசை இழக்கும் வேகம் சுமையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 60 டிகிரியில் 41 சதவீதம். காக்பிட்டில் யாரும் வர்க்கமூலம் எடுக்கப்போவதில்லை. ஆனால் கோடு நேராகப் போகாது, ஓரிடத்துக்குப் பிறகு செங்குத்தாக எழும் என்ற உணர்வு வேண்டும்.

## 1983 ஜூலை 23: 1.77 என்ற எண்

அலகுப் பிழைக்கு உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் ஏர் கனடாவின் 143-ஆம் விமானம். மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டிய போயிங் 767. அந்த நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிடத் தொடங்கிய புது வகை விமானம் அது. பழைய விமானங்கள் பவுண்டில் கணக்கிடப்பட்டன. அன்று எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. எனவே அளவுகோல் விட்டுப் பார்த்துக் கையால் கணக்குப் போட்டார்கள்.

வேண்டியது 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஒட்டிய எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பது.

1. 7,682 × 1.77 = 13,597. இதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள்.
2. 22,300 − 13,597 = 8,703 "கிலோ" இன்னும் வேண்டும்.
3. 8,703 ÷ 1.77 = சுமார் 4,917 லிட்டர். அதை நிரப்பினார்கள்.

சரியான கணக்கில் நிரப்பியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர். விமானம் வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பியது. 22,300 என்ற எண் விமானக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றப்பட்டது. அதுவும் அந்த எண்ணை நம்பியே மீதி எரிபொருளைக் கழித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒட்டாவாவில் மறுபடியும் அளந்து பார்த்தார்கள். அதே 1.77-ஐ வைத்தே பார்த்ததால் அதே தவறான விடை வந்தது. ஒரே வழியில் இரண்டு முறை போடுவதைச் சரிபார்ப்பு என்று சொல்ல முடியாது.

இந்தத் தவறைப் பிடிக்கப் பெருக்கல்கூட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஜெட் எரிபொருள் தண்ணீரைவிட லேசானது. ஆகவே லிட்டர் எண்ணைவிடக் கிலோ எண் சிறிதாகத்தான் வர வேண்டும். 7,682 லிட்டர் 13,597 கிலோவாக ஆனதைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். விடையை இப்படி உரசிப் பார்க்கும் பழக்கம், நூறு தொகையீட்டுக் கணக்குகளைவிட விமானிக்குப் பெரியது.

41,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கியது; எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அங்கிருந்து தப்பித்ததிலும் கணக்குக்குப் பங்கு உண்டு. துணை விமானி மாரிஸ் குவின்டல், உயரமானியையும் கட்டுப்பாட்டு மையம் சொன்ன தூரத்தையும் ஒப்பிட்டு, 10 கடல் மைலில் 5,000 அடி இழந்திருக்கிறோம் என்று பார்த்தார். ஏறக்குறைய 12 அடி முன்னேறினால் 1 அடி இறக்கம். அந்த விகிதத்தில், இறங்குவதற்காகத் திரும்பியிருந்த வின்னிபெக் நகரம்வரை போக முடியாது என்பது தெரிந்தது. அருகில் கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்துக்குத் திருப்பினார்கள். கேப்டன் ராபர்ட் பியர்சன் எஞ்சின் இல்லாத மிதவை விமானங்கள் ஓட்டிப் பழகியவர். விமானத்தை அங்கே இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

## கம்ப்யூட்டர் இருக்கும்போது எதற்கு?

1930-களில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பிலிப் டால்டன் உருவாக்கிய வட்ட வடிவக் கணக்குப் பலகை, ஈ6பி என்ற பெயரில் இன்னும் பயிற்சிப் பள்ளிகளில் இருக்கிறது. இப்போது டேப்லெட் செயலிகளும் வந்துவிட்டன. கருவி மாறினாலும் உள்ளே போகும் எண்ணை ஒரு மனிதர்தான் தருகிறார்.

2009 மார்ச் 20, மெல்போர்ன். எமிரேட்ஸின் 407-ஆம் விமானம், ஏர்பஸ் ஏ340-500. புறப்படும் எடை 362.9 டன். மடிக்கணினியில் ஏறியது 262.9. ஒரே ஓர் இலக்கப் பிழை. 100 டன் வித்தியாசம். கணினி தனக்குத் தரப்பட்ட எடைக்குப் பிழையில்லாமல் வேகங்களையும் எஞ்சின் விசையையும் கணக்கிட்டுத் தந்தது. விசை போதாமல், வால் தரையில் உரச, விமானம் ஓடுபாதையின் முடிவைத் தாண்டியே மேலெழுந்தது. வழியில் இருந்த விளக்கையும் ஆண்டெனாவையும் இடித்தது. பின்னர் பாதுகாப்பாகத் திரும்பி இறங்கியது.

மற்றவை எல்லாம் ஒன்றாக இருக்க, எடை 38 சதவீதம் கூடினால் புறப்படும் வேகம் அதன் வர்க்கமூல அளவுக்கு, சுமார் 17 சதவீதம் கூட வேண்டும். இதைத் தாளில் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "இவ்வளவு கனமான விமானத்துக்கு இந்த வேகமா?" என்று மனதில் ஒரு முள் குத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த முள் எளிதில் குத்துவதில்லை. ஒரே வாரத்தில் வெவ்வேறு வகை விமானங்களை, வெவ்வேறு எடைகளில் ஓட்டுகிறவருக்கு எந்த எண்ணும் பழகிய எண்ணாகவே தெரியும். அதனால்தான் பல நிறுவனங்கள் இரண்டு விமானிகளும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. தனித்தனியாக என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒருவர் போட்டதை இன்னொருவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினால் ஒட்டாவாவில் நடந்ததுதான் நடக்கும்.

## கணக்கைவிடச் சூழல்தான் கடினம்

அமைதியான அறையில் 17-ஐ 6-ஆல் பெருக்குவது ஒன்று. ஒரு கையால் விமானத்தை நேராக வைத்துக்கொண்டு, வானொலியில் தன் அழைப்புக்குறி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, அதே பெருக்கலைச் செய்வது இன்னொன்று. மூளையின் நினைவுப் பலகை சிறியது. வேலைகள் கூடக்கூட முதலில் நழுவுவது இடைநிலை எண்கள்தான். "எட்டு போக ஒன்று மனதில்" என்று வைத்த ஒன்று காணாமல் போய்விடும்.

விமான நிறுவனங்களின் தேர்வுமுறையில் மனக்கணக்கு தனி இடம் பெறுவது இதனால்தான். திரையில் ஓடும் புள்ளியைக் கைப்பிடியால் பின்தொடரும்போதே காதில் விழும் எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சோதனைகள் உண்டு. கேள்விகள் எளிமையானவை. பள்ளியில் கணக்கில் முதலிடம் பிடித்தவர்கள் இங்கே தடுமாறுவதும், சுமாரான மாணவர்கள் தாண்டிப் போவதும் நடப்பதுண்டு. ஒவ்வொரு படியையும் முழுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவேன் என்ற பள்ளிப் பழக்கம் இங்கே பாரம். 63-ஐ 60 ஆக்கிக்கொண்டு முன்னே போகத் துணிவு வேண்டும்.

## யார் தயங்க வேண்டும்?

நுண்கணிதத்தில் தோற்றவர் தயங்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்ததும் கருவியைத் தேடுகிறவரும், விடை வந்ததும் அதைத் திரும்பிப் பார்க்காதவரும்தான் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டும் பழக்கங்கள், சில மாதப் பயிற்சியில் மாறக்கூடியவை. பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு:

1. பெருக்கல் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குக் கொண்டுவருவது. இது இல்லாமல் மற்றவை நிற்காது.
2. அறுபதின் கணக்குகள். 480 நாட் என்றால் நிமிடத்துக்கு 8 கடல் மைல், 150 என்றால் இரண்டரை என்று பார்த்ததும் சொல்வது.
3. எதிர்த்திசை. 180-ஐக் கூட்டுவதைவிட 200 கூட்டி 20 கழிப்பது விரைவு. 135 என்றால் 335, பிறகு 315. 180-க்கு மேற்பட்ட திசைக்கு 200 கழித்து 20 கூட்ட வேண்டும்.
4. விடையைப் போடும் முன்பே அது எந்த எல்லைக்குள் வரும் என்று வாய்விட்டுச் சொல்வது.
5. இவை நான்கும் உட்கார்ந்த இடத்தில் கைவந்தபின், நடந்துகொண்டோ வேறு பேச்சைக் கேட்டுக்கொண்டோ செய்வது.

பேனா இல்லாமல் போட்டுப் பார்க்க மூன்று கேள்விகள். ஒன்று: தரைவேகம் 150 நாட், 3 டிகிரி பாதையில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? இரண்டு: ஓடுபாதை 090 டிகிரி, காற்று 045 டிகிரியிலிருந்து 24 நாட், பக்கக்காற்று எவ்வளவு? மூன்று: வேண்டிய எரிபொருள் 9,000 கிலோ, தொட்டியில் 4,000 கிலோ, லாரியிடம் எத்தனை லிட்டர் கேட்க வேண்டும்?

விடைகள்: 750 அடி, 17 அல்லது 18 நாட், 6,250 லிட்டர். மூன்றாவதில் 4,000 என்று வந்திருந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.